பெயின்ட் அடிச்சும் இரும்பு பெஞ்ச் துருப்பிடிக்குதா? தப்பு எங்க நடக்குதுன்னு பாருங்க!

வாசல்ல வேப்பமரத்தடியில ஒரு இரும்பு பெஞ்ச் கிடக்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிச்சதும், கேட்டுக்கு வாங்கினதுல மிச்சமான பெயின்ட்டை அது மேல ரெண்டு இழுப்பு இழுத்துவிடுவோம். கொஞ்ச நாள் பளபளன்னு இருக்கும். அடுத்த ஐப்பசி மழை முடியறதுக்குள்ள அங்கங்க கொப்புளம் கிளம்பிடும். நகத்தால சுரண்டினா பெயின்ட் ஏடு ஏடா வரும், உள்ள செங்கல் பொடி மாதிரி துரு. உடனே, 'மட்டமான பெயின்ட்டைத் தலையில கட்டிட்டான்'னு கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் அவர் மேல தப்பு இருக்காது.

இரும்போட தண்ணியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தா துரு. அந்தத் துரு, தான் தின்ன இரும்பைவிட பல மடங்கு இடத்தை அடைச்சுக்கும். அதனால மேல இருக்கிற பெயின்ட்டை உள்ளயிருந்தே தள்ளிப் பிளந்துடும். துரு மேலயே பெயின்ட் அடிக்கிறது, புண்ணைக் கழுவாம பிளாஸ்திரி ஒட்டுற கதைதான்.

இதுல உப்பும் சேர்ந்தா கேட்கவே வேணாம். 1914-ல திறந்த பாம்பன் ரயில் பாலம் காலம் முழுக்க உப்புக்காத்தோட மல்லுக்கட்டி, கடைசியில 2022 டிசம்பர்ல ரயில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாச்சு. 'அது கடல்ல இருக்கு, வேப்பந்தட்டையில ஏது உப்பு?'ன்னு கேட்கலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில கடல் உயிரினங்களோட புதைபடிவங்கள் கிடைக்கறது உண்மைதான். ஆனா அந்தக் கடல் போய்ப் பல கோடி வருஷம் ஆச்சு. இப்போ இங்க உப்பு மூட்டையில வருது! பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்னு விளையற ஊர்ல வீட்டுக்கு வீடு உர மூட்டை இருக்கும். அதுல பொட்டாஷ்ங்கிறது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புல இருக்கிற அதே குளோரைடுதான் இதுலயும். உர மூட்டை அடுக்கின பெஞ்சும் கட்டிலும் முதல்ல உளுத்துப்போறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால முதல் வேலை சுரண்டறது இல்ல, கழுவறது. நல்ல தண்ணியில சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல நல்லா காயவிடுங்க. அப்புறம் கம்பி பிரஷ், அடுத்து உப்புத்தாள். உதிர்ற துரு மொத்தமும் போய், இரும்பு சாம்பல் நிறத்துல தெரியணும். இது அலுப்பான வேலைதான், ஆனா பாதி வெற்றி இங்கதான் இருக்கு. மூக்குல மாஸ்க் கட்டாயம். வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தைய பெயின்ட்டைச் சுரண்டும்போது உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, குழந்தைகளைக் கிட்ட விடாதீங்க.

சுரண்டும்போதே வெல்டிங் இணைப்புகளை ஸ்க்ரூடிரைவரால அழுத்திப் பாருங்க. உள்ள இறங்கினா பெயின்ட் டப்பாவை மூடிட்டு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போங்க. முக்கியமா ஊஞ்சல் கொக்கியில உளுத்த இடத்தை பெயின்ட்டால மூடினா, அது நல்லா இருக்குன்னு நம்பி ஒரு வயசானவரோ குழந்தையோ உட்காருவாங்க.

அடுத்து பிரைமர். ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கோட் அடிச்சு, ராத்திரி முழுக்கக் காயவிடுங்க. வேடிக்கை என்னன்னா, அந்தச் சிவப்பு நிறமும் இரும்பு ஆக்ஸைடுதான், துருவுக்குச் சொந்தக்காரன்! சுரண்டின இரும்பை மழைக்காத்துல ஒரு ராத்திரி வெறுமனே விட்டாலே மறுபடி துரு படரும். அதனால சுரண்டின அன்னைக்கே பிரைமர் அடிச்சிடணும். ஜி.ஐ. பைப்ல செஞ்ச பெஞ்சா இருந்தா கவனம். துத்தநாகப் பூச்சு மேல நேரடியா எனாமல் அடிச்சா உரிஞ்சு வந்துடும். ஜி.ஐ.-க்குன்னே தனி பிரைமர் இருக்கு, கடையில கேட்டு வாங்குங்க.

அதுக்கு மேல எனாமல், மெல்லிசா ரெண்டு கோட். ஒரே கோட்டா அப்பினா மேல காஞ்சு, உள்ள பச்சையாவே நிக்கும். ஆடிக் காத்துல அடிக்காதீங்க, புழுதி மொத்தமும் ஈரப் பெயின்ட்டுலதான் வந்து உட்காரும். சித்திரை வெயில்ல கொதிக்கிற இரும்பும் வேணாம். என்னைக் கேட்டா, புரட்டாசியில மழை இல்லாத நாலு நாள் சேர்ந்தாப்புல கிடைச்சா அதுதான் சரியான நேரம். பனி ஈரம் காஞ்சதும் காலையில ஆரம்பிச்சு, நிழல்ல வச்சு, மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க. சாயங்காலம் அடிச்சா ராத்திரிப் பனி இறங்கி மினுமினுப்பு மங்கிடும்.

எல்லாரும் மறக்கிற இடம் காலோட அடிப்பாகம். பைப் காலுக்குள்ள தண்ணி தேங்கி, வெளிய தெரியாமலே உள்ளயிருந்து அரிக்கும். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு அடியிலயும் பிரைமர் அடிங்க. கிழிஞ்ச ரப்பர் புஷ்ஷை மாத்திட்டு, மண்ணுல படாம கல்லு மேல நிறுத்துங்க. மிச்சப் பிரைமரைத் தூக்கிப் போடாதீங்க. எங்கயாவது கீறல் விழுந்தா அன்னைக்கே ஒரு பொட்டு வைக்க உதவும்.