குழல் மாற்றிய துப்பாக்கி

என்னுடைய தொடர்கதை ஒன்றில் ஒரு மருந்துத் துப்பாக்கி வந்தது. வாய்ப்பக்கமாகவே மருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய காலத்து ரகம். கதாநாயகனுடைய தாத்தா அதை வைத்துக்கொண்டு கொள்ளிடக் கரை வயல்களில் காட்டுப் பன்றி விரட்டுவார். ஒரு நாள் குழல் பிளந்துவிடுகிறது. காலையில் ஊர்க் கொல்லரிடம் கொடுக்கிறார். சாயங்காலம் புதுக் குழல் போட்டு வாங்கி வந்துவிடுகிறார். இவ்வளவையும் நாலே வரியில் எழுதி முடித்திருந்தேன்.

மறு வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. "தங்கள் கதையில் காதல் நன்றாக இருக்கிறது. துப்பாக்கி நன்றாக இல்லை. குழல் மாற்றுவது குடைக்குத் துணி மாற்றுகிற காரியமல்ல. நேரில் வந்தால் சொல்கிறேன்."

எழுத்தாளனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தால் பெட்டியில் வைத்துக்கொள்வான். இப்படி வந்தால் ரயில் ஏற வேண்டியதுதான். ஏறினேன்.

கார்டு எழுதியவருக்கு எண்பது வயது இருக்கும். துப்பாக்கிக் கடை ஒன்றின் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவர். கீழவாசல் பக்கம் ஓட்டு வீடு. "வாங்க தம்பி, உட்காருங்க" என்று திண்ணையைத் தட்டிக் காட்டினார்.

"துப்பாக்கிங்கறது என்னன்னு நினைக்கிறீங்க? கட்டை, குதிரை, குழல். மூணுதான். கட்டை மூணு தலைமுறை இருக்கும். குதிரைக்கு வில்லு தேஞ்சா வேற வில்லு. முதல்ல சாகறது குழல்தான்."

அது ஏன் சாகிறது என்பதையும் சொன்னார். கருமருந்து எரிந்தால் எல்லாமே புகையாகப் போய்விடுவதில்லை. பாதிக்கு மேல் கரியும் உப்புமாகக் குழலுக்குள் படிந்துவிடுகிறது. அந்தப் படிவு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அப்படியே விட்டால் மறு நாள் உள்ளே துரு. என் தாத்தா நினைவுக்கு வந்தார். துப்பாக்கி சுட்டு வந்த அன்றைக்கெல்லாம் வாசலில் நின்றபடியே வெந்நீர் கேட்பார். தனக்கு இல்லை, துப்பாக்கிக்கு! குழலைக் கழுவி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, எண்ணெய் விட்ட பிறகுதான் அவருக்குக் காப்பி. "அதுக்கு நடக்கிற ராஜோபசாரம் எனக்கு நடந்ததில்லை" என்பாள் பாட்டி.

புதுக் குழல் போடுவது எப்படி? பழைய குழலின் அடிப்பக்கத்தை ஒரு மறையாணி அடைத்துக்கொண்டிருக்கும். புதுக் குழலுக்கும் அதே போல் மறை வெட்ட வேண்டும். அது தளர்வாக இருந்தால் வெடி பின்னால் வந்து சுடுகிறவன் முகத்தில் பாயும். பிறகு மருந்துக்கு நெருப்புப் போகிற துளை. அதன் மேல் கேப்பு வைக்கிற குமிழ். குதிரை சரியாக அந்தக் குமிழின் தலையில் விழ வேண்டும். ஒரு நெல் அகலம் தள்ளிப் போனால் குதிரை விழும், துப்பாக்கி வெடிக்காது. பிறகு கட்டையில் குழல் படுக்கிற பள்ளத்தில் கரி தடவி, குழலை வைத்து எடுத்து, கரி ஒட்டின இடத்தை மட்டும் செதுக்கிச் செதுக்கிப் படிய வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் இரட்டை மருந்து கெட்டித்து, மரத்தில் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றால் விசையை இழுத்துப் பார்க்க வேண்டும்.

"அதுக்கப்புறம் குழலை விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பார்ப்போம். மயிர் கனம் கீறல் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். நீங்க சாயங்காலமே கொடுத்துட்டீங்களே!"

வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்ற, "புதுக் குழல் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். முன்காலத்தில் இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றிக் கயிறு போல் முறுக்கி, உலையில் காய்ச்சி, ஓரத்தோடு ஓரம் ஒட்டும்படி அடித்தே குழல் செய்தார்களாம். பிறகு உட்புறத்தைக் கடைந்து வழுவழுப்பாக்குவார்கள். "பீரங்கி மேட்டைப் பார்த்திருக்கீங்களா? பார்த்துட்டு வாங்க. இந்த ஊருக்கு இரும்பு அடிக்கத் தெரியுமான்னு அப்புறம் பேசலாம்."

தஞ்சாவூருக்கு நூறு தடவை வந்திருக்கிறேன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிற ஜாதிதான் நானும். அன்று மேட்டில் ஏறினேன். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்தது என்கிறார்கள். ஏறக்குறைய 25 அடி நீளம்; 20 டன்னுக்கு மேல் எடை. அது வார்த்த பீரங்கி அல்ல. 43 நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி வரிசையாக இறுக்கிச் செய்தது. பீப்பாய் செய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இங்கிலீஷில் பீப்பாய்க்கும் துப்பாக்கிக் குழலுக்கும் ஒரே வார்த்தை இருப்பது ஏன் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. நம் தமிழில் அடுப்பு ஊதுவதும் குழல், கண்ணன் ஊதுவதும் குழல், இதுவும் குழல்.

இவ்வளவு கை இருந்த ஊரில் அந்தக் கை எங்கே போயிற்று? ஊர் திரும்பிப் பழைய புத்தகங்களைப் புரட்டினேன்.

மராட்டிய மன்னர்களில் கடைசியான இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கம்பெனி சர்க்கார் ராஜ்யத்தையும் அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடர்ந்து சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசு செய்த காரியம், கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அரண்மனை ஆயுதசாலையின் கணக்கு 1863-இல் முடிந்தது. நல்லவை என்று பட்டவற்றைச் சென்னை மியூசியத்துக்கென்று பொறுக்கினார்கள். மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

இதை வருத்தத்தோடு எழுதி வைத்திருப்பவர் வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவருடைய கட்டுரை 'இந்தியன் ஆன்டிக்வரி' பத்திரிகையில் 1878-இல் வந்தது. அந்த ஆயுதசாலையிலிருந்து தப்பிய கட்டாரிகளை இன்று அமெரிக்க மியூசியங்களில்கூடக் காணலாம். அவற்றில் பலவற்றுக்குப் பிடி நம்முடையது, அலகு ஐரோப்பாவினுடையது. சீமையிலிருந்து வந்த கத்தியை வெட்டித் தம் பிடியில் பொருத்திக்கொண்டார்கள். எங்கோ செய்த குழலைத் தம் கட்டையில் படிய வைக்கிற அதே வித்தைதான்.

அதே 1878-இல் ஆயுதச் சட்டமும் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் வருஷச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கியே. பழுது பார்க்கிறவனுக்கும் உரிமம் வேண்டும். வெறுங்குழலும் துப்பாக்கிதான் என்றால் ஊர்க் கொல்லர் அதைத் தொடுவாரா?

சட்டம் தப்பு என்று சொல்ல வரவில்லை. துப்பாக்கி குறைந்தால் உயிருக்கு நல்லது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்திராவிட்டால் கோடிக்கரைக்கு வரும் பறவைகளில் எத்தனை மிஞ்சியிருக்குமோ! ஆனாலும் ஒரு பொருளுக்கு ஆயுசு அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவன் இருக்கும் வரைதான். அவன் போன மறுநாளே அது பழைய இரும்பு. உடைத்து விற்க 1863-இல் சம்மட்டி வேண்டியிருந்தது. பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

கதையில் வந்த தாத்தா என் தாத்தாதான். அவருடைய குழல் வெடிக்கவில்லை. உள்ளே அரித்து மெலிந்துவிட்டது. அவர் காலத்துக்குப் பிறகு அப்பா, குழல் மாற்றித் தருவார் உண்டா என்று இரண்டு வருஷம் விசாரித்தார். யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீது வாங்கி வந்தார். அதில் 'உபயோகமற்றது' என்று எழுதியிருந்தது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நடந்ததை எழுத மனம் வராமல்தான் கதையில் நாலு வரியில் புதுக் குழல் போட்டுவிட்டேனோ என்னவோ.

இதைப் பெரியவரிடம் அடுத்த தடவை போனபோது சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"சரி தம்பி, குழல் மாத்தினதாவே இருக்கட்டும். ஆனா சாயங்காலம் வேண்டாம். ஆறு நாள் ஆச்சுன்னு போடுங்க."

புத்தகமாக வந்தபோது ஆறு நாள் என்றே போட்டேன்.