புதுத் தொழிலாளர் நிலைபெறல் (ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்)

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் புதிதாகச் சேர்வோர் வேலையில் நிலைபெறுவது ஆலைப் பயிற்சியை மட்டும் பொறுத்ததன்று. தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பொறுத்தது. மின்னணு ஆலைகளில் வெளிமாவட்ட இளம்பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு விடுதியும் பணியிடத்தின் பகுதியே. 2021 டிசம்பரில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. இவ்வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் மின்னணு ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய பூந்தமல்லி விடுதியில் கெட்ட உணவால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரே அறையில் 30 பேர்வரை தரையில் படுத்ததாகத் தொழிலாளர்கள் கூறினர். சக ஊழியர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். இதையடுத்து மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது.

விடுதி ஒப்பந்தக்காரரின் பாடு, தொழில் கற்றுத்தருவதோடு நிறுவனத்தின் கடமை முடிந்தது என்று வாதிடுவோர் உண்டு. விடுதிச் சமையலறையில் நேர்ந்த தவறு உற்பத்தியையே நிறுத்தியதால் அந்த வாதம் நிற்காது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில், 18,720 படுக்கைகளுடன், மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது இந்தச் சிக்கலுக்கான அரசின் விடை. கட்டடம் எழுந்தால் போதுமா என்ற கேள்வியும் நியாயமானதே. தொழிலாளர்கள் நெடுஞ்சாலைக்குப் போகுமுன் அவர்கள் குறையைக் கேட்டுத் தீர்க்க ஆள் இருந்தால்தான் புதியவர் நிலைப்பார். குடியிருப்பு அதற்கு அடித்தளம் மட்டுமே.