ஷூ சோல் வார்ப்பு (வேலூர்–ஆம்பூர் வட்டாரம்)

பிளாஸ்டிக்கை உருக்கியோ, வேதித் திரவங்களைக் கலந்தோ அச்சில் செலுத்திக் காலணியின் அடிப்பாகத்தைச் செய்யும் முறை சோல் வார்ப்பு ஆகும். பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனத் தொடரும் தோல் தொழில் வட்டாரத்தின் ஷூக்களில் அப்பர் எனப்படும் மேற்பாகம் தோலாக இருந்தாலும், சோல் பெரும்பாலும் செயற்கைப் பொருளே.

பின்னணி

இவ்வட்டாரம் நெடுங்காலம் பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்துவந்தது. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரைப்பதன் தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன்பின் ஷூ கம்பெனிகள் பெருகின; சோலின் தேவையும் கூடியது.

மூலப்பொருட்கள்

டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) தேய்மானத்தை நன்கு தாங்கும். வட்டு கால்ஃப் விளையாட்டில் எறியப்படும் உயர்வகைப் பறக்கும் தட்டுகளும் இவ்வகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. டிபிஆர் (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) ரப்பர்போல் வளையும். பியு (பாலியூரித்தேன்) நுரைத்து இறுகுவதால் எடை குறைவு. ஈவிஏ (எத்திலீன் வினைல் அசிடேட்) விளையாட்டுக் காலணிகளுக்கு ஏற்ற மென்மையான நுரைப்பொருள்.

செய்முறை

டிபியு குருணை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உருக்கினால் சோலில் குமிழும் கோடும் விழும், வலுவும் குறையும். எனவே முதலில் அதைச் சூடான காற்றில் சில மணி நேரம் உலர்த்துவர். பின் எந்திரத்தின் சூடான உருளைக்குள் சுழலும் திருகு, குருணையை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, மூடிய உலோக அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தும். ஆறியதும் சோலை எடுத்துப் பிசிறை வெட்டுவர்.

பியு வார்ப்பில் பாலியால், ஐசோசயனேட் என்னும் இரு திரவங்கள் கலந்து, அச்சுக்குள் வினைபுரிந்து நுரைக்கின்றன. ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஆவியை வெளியேற்றும் வசதியின்றி இவ்வேலையில் எவரையும் நிறுத்தக்கூடாது.

அச்சுகள்

பறக்கும் தட்டின் ஒரு வடிவத்துக்கு ஓர் அச்சு போதும். சோலுக்கு அது போதாது. ஐரோப்பிய அளவுமுறையில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 2/3 செ.மீ. வேறுபாடு உண்டு. 39 முதல் 46 வரை 8 அளவுகளுக்கு இடது, வலது சேர்த்து 16 அச்சுக்குழிகள் தேவை. புதிய வடிவம் ஒன்றை இறக்குவதில் பெருஞ்செலவு இதுவே.

ஒட்டுதலும் சோதனையும்

லாஸ்ட் எனப்படும் கால்வடிவக் கட்டையில் இழுத்துப் பொருத்திய அப்பரின் அடியைச் சொரசொரப்பாக்கிப் பசை பூசுவர். பசையைச் சூட்டில் இளக்கிச் சோலை அழுத்தி ஒட்டுவர். பாதுகாப்புக் காலணிகள் பலவற்றில் சோல் அப்பரின் மேலேயே நேரடியாக வார்க்கப்படுகிறது. வளைவு, தேய்மானம், ஒட்டுப்பிடிப்பு ஆகியவை சோதிக்கப்படும்.

கழிவு

டிபியு, டிபிஆர் பிசிறுகளை அரைத்துப் புதுக் குருணையோடு அளவாகக் கலந்து மீண்டும் வார்க்கலாம். இறுகிய பியு நுரையை அவ்வாறு உருக்க முடியாது.