திசு வாழை

வாழையின் குருத்து நுனியை ஆய்வுக்கூடக் குடுவைக்குள் வளர்த்துப் பெருக்கி எடுக்கும் கன்று திசு வாழை எனப்படும். அக்கன்றிலிருந்து எழும் மரத்துக்கும் உழவர் வழக்கில் இதே பெயர்தான். 'திசு வளர்ப்பு வாழை' என்பது நூல் வழக்கு. நாற்றுப்பண்ணையில் கேட்டால் 'டிஷ்யூ கன்று' என்பார்கள். தமிழ்நாட்டில் இம்முறையில் பெரிதும் பரவியது கிராண்ட் நைன் ரகம். பிரெஞ்சில் இதற்குப் 'பெரிய குள்ளம்' என்று பொருள். பெயரின் பின்பாதி ஆங்கில ஒன்பதாகக் காதில் விழ, ரகமே 'ஜி9' ஆகிவிட்டது.

வாழையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது அதற்கு விதை இல்லாததுதான். உண்ணும் ரகங்களில் பெரும்பாலானவை மும்மடியம். குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் விதை பிடிப்பதில்லை. தாய் மரத்தின் கிழங்கில் கிளைக்கும் ஈட்டி இலைக் கன்றைப் பெயர்த்து நடுவதே பழைய வழி. கல்யாண வீட்டில் 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துவது இந்தப் பெருக்கத்தைக் கண்டுதான். ஆனால் அந்தக் கிழங்கோடு நூற்புழு, கூன்வண்டு, பனாமா வாடல், முடிக்கொத்து நோய் எல்லாம் சேர்ந்தே புது வயலுக்கு வந்துவிடும். வாழ்த்துகிறவர்கள் அதை நினைப்பதில்லை. 1.8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்று வேண்டும். ஒன்று ஒன்றரைக் கிலோ என்றாலும் ஏறத்தாழ இரண்டு டன் கிழங்கு. அத்தனையும் ஒரே வயதில், ஒரே பருமனில் அமைவது அரிது.

தனித்த ஒரு செல்லுக்கு முழுச் செடியாகும் திறன் உண்டு என்ற எண்ணத்தை ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் 1902இல் முன்வைத்தார். அவருடைய செல்கள் உயிரோடு இருந்தன, பெருகவில்லை. 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரு வளர்ச்சி ஊக்கிகளின் விகிதமே வேர் வருமா, தளிர் வருமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டினர். 1962இல் முரஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவை இன்றும் உலகெங்கும் குடுவைகளின் அடியில் கிடக்கிறது. இந்தியாவில் பஞ்சானன் மகேஷ்வரி வளர்த்த டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை இக்கலையின் தாய்வீடு. அங்கேதான் 1964இல் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஷ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து ஒருமடியச் செடிகளை உருவாக்கினர். வணிகம் பின்னர் வந்தது. 1980களின் பிற்பாதியில் கொச்சியில் ஏ.வி.தாமஸ் நிறுவனம் ஏலக்காய்க் கன்றுகளை இம்முறையில் பெருக்கியது. 1989இல் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை புனேயிலும் டெல்லியிலும் முன்னோட்டக் கூடங்களை நிறுவியது.

வாழையில் வழிகாட்டியது தைவான். பனாமா வாடலின் புதிய வகை, ஜி9 சேர்ந்த கேவண்டிஷ் குடும்ப வாழைத் தோட்டங்களை அழித்தபோது அங்கே குடுவைக் கன்றுக்கு மாறினார்கள். இலட்சக்கணக்கில் பெருக்கும்போது தற்செயலாக மாறிப்போன கன்றுகள் சில இருக்கும். அவற்றில் வாடலைத் தாங்கியவற்றைப் பொறுக்கி எடுத்துப் புதிய ரகங்களே கண்டார்கள். பிழையைக் களைந்தெறியாமல் பயிராக்கியது பெரிய கெட்டிக்காரத்தனம்.

செய்முறை தாய் மரத் தேர்வில் தொடங்குகிறது. நல்ல தார் ஈன்ற, நச்சுயிரிச் சோதனையில் தேறிய மரத்தின் கன்றை எடுத்து, மட்டைகளை உரித்து, நடுவில் இருக்கும் குருத்து நுனியைச் சிறு துண்டாக வெட்டிக் கிருமி நீக்குவார்கள். ஊடகத்தில் உப்புகள், வைட்டமின், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கெட்டிப்படுத்த அகர். குடுவைக்குள் இலை தன் சோற்றைத் தானே சமைக்காது, அதனால்தான் சர்க்கரை. இக்கலவையை, வீட்டுக் குக்கரின் அண்ணனான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் அவித்தெடுப்பார்கள். சைட்டோகைனின் கூடுதலாக இருக்கும்போது ஒரு நுனி பல தளிராகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தளிர்களைப் பிரித்துப் புதிய குடுவைக்கு மாற்ற வேண்டும். அறை வெப்பம் 25 டிகிரி, நாளுக்கு 16 மணி நேரம் விளக்கொளி. சுற்று கூடக்கூடக் குள்ளமும் கோணலுமான பிறழ்கன்றுகள் பெருகும் என்பதால் எட்டுச் சுற்றோடு நிறுத்துவது மரபு. பின்பு ஆக்சின் தந்து வேர் பிடிக்க வைப்பார்கள்.

உண்மையான சோதனை குடுவைக்கு வெளியே இருக்கிறது. உள்ளே காற்றெல்லாம் ஈரம். இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடத் தெரியாதவை. வெளியே வைத்தால் அன்றே துவண்டுவிடும். எனவே முதலில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில், ஈரமான மூடாக்கின் கீழ். பின்பு பாலித்தீன் பையில், நிழல்வலைக் குடிலில். ஐந்தாறு இலை விட்டுத் தேறிய பிறகே விற்பனை. இங்கே அவசரப்பட்டால் அதுவரை செய்ததெல்லாம் வயலில் வாடிப்போகும்.

திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் ஜி9 கன்றும் சொட்டுநீரும் கைகோத்துத் தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் பரவின. ஒரே நாளில் நட்டது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தார் வெட்டுக்கு வரும். வியாபாரிக்கு அது வசதி.

சென்னையின் மேற்குப் புறநகர் இந்த மாற்றத்தைப் பழத்தின் நிறத்தில் கண்டது. மோரிஸ் என்றும் பச்சைப்பழம் என்றும் இங்கே வழங்கும் பழமும் ஜி9ஐப் போலக் கேவண்டிஷ் குடும்பம்தான். 24 டிகிரிக்கு மேல் பழுத்தால் இக்குடும்பத்தின் சதை கனியும், தோலின் பச்சை மாறாது. குளிரூட்டிய அறையில் எத்திலீன் கொடுத்துப் பழுக்க வைத்தால் மஞ்சளாகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைகளில் இன்று தொங்கும் மஞ்சள் சீப்பு அப்படி வந்தது. ஒரே வயதுத் தார்கள் மொத்தமாகக் கிடைத்தால்தான் அந்த அறை கட்டுப்படியாகும்; அதைத் தந்தது திசு வாழை.

குறைகளும் உண்டு. நோயுள்ள ஒரு தாயைப் பெருக்கினால் நோயும் ஆயிரமாயிரமாகப் பெருகும். இதைத் தடுக்க 2006இல் திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை வந்தது. முடிக்கொத்து நச்சுயிரி உட்பட நான்கு நச்சுயிரிகளுக்கான சோதனையும் மரபு ஒப்புமைச் சோதனையும் வாழைக்கு அதில் உண்டு. பூவன் போன்ற ரகங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. இலைக்கீற்று நச்சுயிரியின் மரபுத்துண்டுகள் இவற்றின் குரோமோசோமிலேயே புதைந்திருக்கும். குடுவைப் பெருக்கத்தின் நெருக்கடியில் அவை விழித்துக்கொள்ளக்கூடும். ஜி9க்குக் கைகொடுத்த முறை எல்லா வாழைக்கும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை.

இம்முறை மிகவும் தேவைப்பட்டது மலை வாழைக்கு. 1889இல் ஃபிஜியிலும், 1913இல் இலங்கையிலும், 1940இல் கேரளத்திலும் தென்பட்ட முடிக்கொத்து நோய், கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சியையும் சிறுமலை வாழையையும் பெரும்பரப்பில் அழித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன பழம் விருப்பாட்சி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நச்சுயிரி நீங்கிய திசுக் கன்றுகளை உருவாக்கி மலைக்குக் கொடுத்தது. ஆனால் அக்கன்று சுத்தமானதே தவிர, நோய் எதிர்ப்பு உடையது அல்ல. அடுத்த தோட்டத்தில் நோயுற்ற ஒரு தூர் மிஞ்சியிருந்தாலும் அசுவினி அந்நோயைப் புதுக்கன்றுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே மலை வாழையைத் திரும்ப நடுபவர்கள் தங்கள் தோட்டத்தில் மட்டுமன்றி, அண்டைத் தோட்டத்திலும் பழைய தூர்களைத் தோண்டி அழித்த பின்பே நட வேண்டும்.