அலை அடித்தது, பேராளர்கள் சேரவில்லை: 1984இல் கேரி ஹார்ட்

மலேசியாவில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்து அறிவிக்கிறது. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறு. ஒவ்வொரு மாநிலத்திலும் பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலோ, காக்கஸ் எனப்படும் ஆதரவாளர் கூட்டமோ நடக்கும். அவற்றில் கிடைக்கும் ஆதரவு பேராளர்களின் எண்ணிக்கையாக மாறும். கடைசியில் தேசிய மாநாட்டில் பேராளர்கள் வாக்களிப்பார்கள். இந்த ஓட்டம் பல மாதங்கள் நீடிப்பதால், யாரும் எதிர்பாராத ஒருவர் திடீரென முன்னுக்கு வரவும் முடியும், வந்த வேகத்தில் மூச்சு வாங்கவும் நேரும். 1984இல் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் கேரி ஹார்ட்டுக்கு இரண்டும் நடந்தது.

அவரை எதிர்த்து நின்றவர் சாதாரண ஆள் அல்லர். ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் துணை அதிபராக இருந்த வால்டர் மொண்டேல், கட்சி மூத்தவர்களின் தேர்வு. 1983 அக்டோபரில் நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்க சம்மேளனமும் அவரை ஆதரித்தது. பணம், தொண்டர்கள், வீடு வீடாகச் சென்று வாக்காளரை அழைத்துவரும் ஏற்பாடு என எல்லாம் அவர் பக்கம். கொலராடோ மாநிலச் செனட்டரான ஹார்ட்டிடம் இருந்தது 'புதிய சிந்தனை' என்ற முழக்கமும் சில நூறு உற்சாகமான இளைஞர்களும்தான்.

பிப்ரவரி 20ஆம் தேதி அயோவாவில் மொண்டேல் ஏறத்தாழ 49 விழுக்காடு பெற்றார். ஹார்ட்டுக்கு 16 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தோல்விதான். ஆனால் பத்திரிகைகள் 'இரண்டாம் இடம் யாருக்கு?' என்று காத்திருந்ததால் அந்தத் தோல்வியே அவருக்கு விளம்பரமானது. எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் அவர் 37 விழுக்காடு பெற, மொண்டேல் 28இல் நின்றார். அடுத்து மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களும் ஹார்ட் பக்கம் சாய்ந்தன.

புகழோடு கேள்விகளும் வந்தன. ஹார்ட்பென்ஸ் என்ற குடும்பப் பெயரை ஏன் சுருக்கினார், வயதில் ஏன் ஓராண்டு வேறுபாடு என்று செய்தியாளர்கள் துருவினர். மார்ச் 11இல் அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில் மொண்டேல் ஒரு துரித உணவுக்கடையின் விளம்பர வாசகத்தை எடுத்து வீசினார். ரொட்டி பெரிதாக இருக்கிறது, உள்ளே இறைச்சி எங்கே என்று ஒரு மூதாட்டி கேட்கும் விளம்பரம் அது. 'புதிய சிந்தனை'க்குள் சரக்கு எங்கே என்ற அந்தக் கேலிக்கு ஹார்ட்டால் கடைசி வரை நல்ல பதில் தர முடியவில்லை. இரண்டு நாள் கழித்து 'சூப்பர் செவ்வாய்' அன்று ஹார்ட் ஃபுளோரிடா, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் மாநிலங்களை வென்றார். ஆனால் மொண்டேல் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் பிடித்து உயிர் தப்பினார்.

உண்மையான சிக்கல் மேடையில் இல்லை, மனுத்தாக்கல் தாளில் இருந்தது. சில மாநிலங்களில் அதிபர் வேட்பாளரின் பெயருக்குக் கிடைக்கும் வாக்கு மட்டும் போதாது. அவருக்கான பேராளர்களின் பெயர்களும் தொகுதி வாரியாக வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஆள் பிடித்து, கையெழுத்துத் திரட்டி, பல வாரங்களுக்கு முன்பே பதிய வேண்டும். அந்தக் கெடு முடிந்த நேரத்தில் ஹார்ட்டை யாருக்கும் தெரியாது, கையில் பணமும் இல்லை. அதனால் இல்லினாய்ஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் அவரது பேராளர் பட்டியல் பல தொகுதிகளில் முழுமையாக இல்லை. அலை அடித்தபோது அதைப் பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. கிளைக் கூட்டம், பேராளர் மாநாடு என்று பார்த்துப் பழகிய மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், 1972இல் ஜார்ஜ் மெக்கவர்னுக்குப் பேராளர்களைத் திரட்டி அவரை வேட்பாளராக்கிய பிரச்சாரத்தின் மேலாளரே ஹார்ட்தான்.

இல்லினாய்ஸில் இன்னொரு சறுக்கல். சிக்காகோ கட்சித் தலைவர் ஒருவரைத் தாக்கிய தன் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டதாக ஹார்ட் அறிவித்தார். அவரது அலுவலகத்தால் அதை உடனே நிறுத்த முடியவில்லை. சொந்த விளம்பரத்தையே நிறுத்த முடியாதவரா நாட்டை நடத்துவார் என்ற பேச்சு எழுந்தது. வெள்ளை மாளிகையில் அவசரத் தொலைபேசி ஒலித்தால் யார் எடுக்க வேண்டும் என்று கேட்கும் விளம்பரத்தை மொண்டேலும் ஓட்டினார். இல்லினாய்ஸ், நியூயார்க், பென்சில்வேனியா மூன்றும் அடுத்தடுத்து மொண்டேலுக்குப் போயின. நியூயார்க்கில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஹார்ட்டுக்கு மிக நெருக்கமாக வந்ததும் மாற்றம் விரும்பியோரின் வாக்கு ஓரிடத்தில் குவியவில்லை என்பதைக் காட்டியது.

மே 8இல் ஓஹாயோ, இந்தியானா மாநிலங்களைச் சொற்ப வித்தியாசத்தில் வென்று ஹார்ட் மீண்டார். கடைசிச் சுற்றுக்கு முன் கலிபோர்னியாவில் பேசும்போது வாய் தவறியது. மனைவி இங்கே கோவாலா கரடியைத் தூக்கிக் கொஞ்சினார், எனக்கு நியூஜெர்சியில் கிடைத்தது நச்சுக்கழிவு மாதிரிதான் என்று வேடிக்கையாகச் சொன்னார். நியூஜெர்சிக்காரர்கள் சிரிக்கவில்லை. ஜூன் 5இல் கலிபோர்னியாவை வென்றவர் நியூஜெர்சியை இழந்தார்.

மறுநாள் காலை மொண்டேல் தொலைபேசியில் உட்கார்ந்து, எந்த வேட்பாளருக்கும் கட்டுப்படாத பேராளர்களை ஒவ்வொருவராக அழைத்து, குறைந்த எண்ணிக்கையை நிரப்பினார். கட்சிப் பிரமுகர்களுக்குத் தனி வாக்குரிமை தரும் ஏற்பாடு அந்த ஆண்டில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. மொத்தப் பேராளர்களில் அவர்கள் சுமார் 14 விழுக்காடு. பெரும்பாலோர் மொண்டேலின் பழைய நண்பர்கள்.

பிரைமரிகளில் இருவரும் பெற்ற வாக்குகளின் வித்தியாசம் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் மொண்டேலுக்கு 2,191 பேராளர் வாக்குகள், ஹார்ட்டுக்கு 1,200.5, ஜாக்சனுக்கு 465.5. நவம்பரில் ரொனால்ட் ரேகனிடம் 49 மாநிலங்களை இழந்த மொண்டேலுக்குச் சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே மிஞ்சின.