பெட்டகத்தில் இருபத்துமூன்று கசெற்றுகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு மண்டபத்தின் மூலையில் ஒரு பெட்டகம் இருக்கிறது. பேரனார் காலத்தது. காணி உறுதிகளும், குத்துவிளக்கும், அம்மாவின் கூறைச்சேலையும் ஒரு காலத்தில் அதற்குள் இருந்தன. இன்று அதன் மேற்தட்டில் இருப்பவை ரி.வி. கேம் கசெற்றுகள். எண்ணிக்கை இருபத்துமூன்று. இலக்கியத் தொடரொன்றில் விளையாட்டுச் சாமான் பற்றிப் பேச வந்தவனை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏட்டுச் சுவடிகளைப் பற்றியென்றால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் சுவடியைக் காப்பதற்கும் இதைக் காப்பதற்கும் இடையே நான் முதலில் எண்ணிய அளவு தூரம் இல்லை.

இந்தக் கசெற்றுக்குள் நாடா கிடையாது. பாட்டுக் கசெற்றின் பெயரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதற்கும் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரு சிறு பலகை, அதில் ஓரிரு சில்லுகள், விளிம்பில் பொன்முலாம் பூசிய செப்புப் பற்கள். எழுபதுகளின் நடுப்பகுதி வரை வீட்டு ரி.வி.யோடு பொருத்தும் விளையாட்டுப் பெட்டியில் அதனுள்ளேயே அமைந்த ஓரிரு விளையாட்டுகள்தான் இருந்தன. அது அலுத்தால் பெட்டியும் அலுத்தது. விளையாட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து, வேண்டியபோது செருகிக் கழற்றக்கூடிய சில்லாக விற்கலாம் என்பதை 1976இல் அமெரிக்காவின் பெயார்சைல்ட் நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தக் குழுவை வழிநடத்தியவர் ஜெரி லோசன் என்ற கறுப்பினப் பொறியியலாளர். மறு ஆண்டே அற்றாரி நிறுவனம் அதே வழியில் இறங்கிப் பெரும் பணம் சேர்த்தது. லோசனின் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. 2011இல் அவர் மறைவதற்குச் சற்று முன்னர்தான் துறையினர் அவரை அழைத்துக் கௌரவித்தார்கள். நம்மவர்க்கு இது புதுக்கதையல்ல. சுவடி தேடி அலைந்தவன் ஒருவன், அச்சில் பெயர் வாங்கியவன் இன்னொருவன்.

1983 ஜூலையில் யப்பானில் நின்ரெண்டோவின் 'ஃபமிக்கொம்' வந்தது. ஈராண்டின் பின் அது உருமாறி அமெரிக்காவுக்குப் போனது. யப்பானியக் கசெற்றுக்கு அறுபது பற்கள், அமெரிக்கக் கசெற்றுக்கு எழுபத்திரண்டு. ஒன்றை மற்றதன் வாய்க்குள் வைக்க முடியாது.

1983 ஜூலை என்று எழுதும்போது என் கை சற்றே நிற்கிறது. யப்பானில் அந்தப் பெட்டி கடைக்கு வந்து இரண்டு கிழமை கழிவதற்குள் கொழும்பில் நம்மவர் வீடுகள் எரிந்தன. அதற்கும் ஈராண்டு முன்பு, 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் சாம்பலாயிற்று. உலகத்துப் பிள்ளைகள் கசெற் மாற்றி விளையாடிய அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாங்கள் வேறொன்றில் அகப்பட்டுக் கிடந்தோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் நிறுத்தப்பட்ட சாமான்களில் பற்றறியும் ஒன்று. ரோர்ச் லைற்றுக்குப் போடும் சாதாரண பற்றறிதான். தேய்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் இழுத்தோம். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். இலக்கிய நிகழ்ச்சி நீண்டால் சுற்றுகிறவன் திட்டுவான். கவிஞர்கள் அதை அறிந்திருக்க நியாயமில்லை.

1993இல் அம்மா கிளாலிக் கடலேரியை இரவில் படகால் கடந்து, கொழும்பு போய், அங்கிருந்து ரொறன்ரோவில் அக்காவிடம் போய்ச் சேர்ந்தா. போன வருஷமே எழுதிய கடிதம் ஒன்று எனக்கு மனப்பாடம். "பேரன் ஒரு பச்சைச் சட்டைப் பெடியனைக் கொண்டு குகை குகையாத் திரியிறான். நானும் பக்கத்திலை இருந்து பாக்கிறன். முதல் குகையிலை ஒரு கிழவன் வாள் குடுக்கிறான். நல்ல மனுசன்." ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் இதை வாசித்து, அம்மாவுக்குக் குளிரில் ஏதோ ஆகிவிட்டது என்று நான் உண்மையில் கவலைப்பட்டேன்.

அந்தப் பச்சைச் சட்டைக்காரன் 'செல்டா' என்ற விளையாட்டின் நாயகன் என்பது பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. 2003 கோடையில் அக்கா வந்தா. கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று இந்தக் கசெற்றுகளும் அவற்றுக்கான மெசினும். மருமகன் வளர்ந்து வேறு வீடு போய்விட்டான், எறிய மனம் வரவில்லை என்றா. அம்மா 2001இல் ஸ்காபரோவில் காலமாகியிருந்தா. அவவின் சாமான் என்று வந்தவை ஒரு சால்வை, ஒரு தேவாரப் புத்தகம், இந்தக் கசெற் பெட்டி. மூன்றாவது எப்படி அம்மாவுடையதாகும் என்று கேட்டேன். "போட்டுப் பார்" என்றா அக்கா.

போட்டுப் பார்ப்பது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. அங்கத்தைய மெசின் 120 வோல்ற்று, எங்கள் சுவரில் 230. ரான்ஸ்ஃபோமர் தேட இரண்டு நாள். படம் வந்தபோது நிறமில்லை. அங்கத்தைய ஒளிபரப்பு முறை வேறு, எங்கள் ரி.வி.யின் முறை வேறு. எப்படியோ பொன்னிறக் கசெற் ஒன்றை அக்கா செருகினா. விளையாடுவோர் பெயர்ப் பட்டியலில் மூன்று இடம் இருந்தது. முதலாவதில் மருமகன். இரண்டாவது வெறுமை. மூன்றாவதில், எட்டு எழுத்துக்கு மேல் இடந்தராத அந்த வரியில், ஏழு ஆங்கில எழுத்துகளில் 'அம்மம்மா'. கீழே ஓர் எண், பதினேழு. தோற்றும் விட்டும் மீண்டும் தொடங்கியதன் கணக்காம் அது. அறுபது வயதுக்குப் பிறகு, ஊரை விட்டுப் போன நாட்டில், என் அம்மா பதினேழு தரம் விழுந்து எழும்பியிருக்கிறா. ஒருதரமும் கடிதத்தில் எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறன் என்றுதான் எழுதினவ.

அன்றிலிருந்து நான் இவற்றுக்குக் காவற்காரன்.

முதற் பிழை, காட்சிக்கு வைத்தது. வந்தவர் போனவர் பார்க்கட்டும் என்று கண்ணாடி அலுமாரியில் வரிசையாக அடுக்கினேன். யன்னல் வெயில் நேரே விழுந்தது. ஈராண்டில் சாம்பல் நிறக் கசெற்றுகளின் ஒரு பக்கம் பழைய தந்தம்போல மஞ்சளித்துவிட்டது. பிளாஸ்ரிக்கில் தீப்பற்றாமலிருக்கக் கலக்கும் புறோமின் சேர்மம் வெயில் பட்டால் அப்படி ஆகும் என்று பிறகு படித்தேன். இரண்டாவது பிழை பூச்சி உருண்டை. சேலைக்குப் போடுவதுதானே என்று போட்டேன். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்ரிக்கை இளக்கும். நல்லவேளை, ஒரு கசெற்றின் மூடியோடு அது நின்றது. மூன்றாவது பிழையைச் செய்தது நானல்ல, ஊர்ப் பிள்ளைகள். படம் வராவிட்டால் கசெற்றின் வாயில் ஊதுவார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்படித்தான் ஊதியிருக்கிறார்கள், நின்ரெண்டோ வேண்டாம் என்று சொல்லியும். ஊதுவதால் படம் வருவதில்லை. கழற்றித் திரும்பச் செருகுவதால்தான் வருகிறது. எச்சில் ஈரம் பற்களில் பச்சைக் களிம்பாகிறது. குடாநாட்டில் எந்த வீடும் கடலுக்குத் தூரமில்லை. சோழகம் தூசியையும் உப்பையும் கொண்டுவரும், வாடை மழை ஈரத்தைக் கொண்டுவரும். இதற்குமேல் எச்சில் வேறு எதற்கு?

இப்போது செய்வது இதுதான். மதுசாரம் தொட்ட பஞ்சால் பற்களைத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொன்றையும் மெல்லிய பொலித்தீன் உறையிலிட்டு, நிமிர்த்தி அடுக்குகிறேன். பழைய ஒளிபுகு உறைகள் சில ஆண்டில் எண்ணெய் கக்கி லேபிளில் ஒட்டிக்கொள்ளும், அவற்றை எறிந்துவிட்டேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகள் இரண்டு, வாடைக்காலத்தில் நான்கு. ஏட்டுக்கு எண்ணெய் பூசி, வசம்பு வைத்து, வருஷத்துக்கொருமுறை சரஸ்வதி பூசைக்கு வெளியே எடுத்துத் தூசு தட்டிக் காற்றுக் காட்டிய எங்கள் முன்னோரின் முறையில் எனக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. கசெற்றுகளையும் நவராத்திரியில்தான் எடுக்கிறேன். கொலுப் பொம்மைபோல ஒன்பது நாள் மண்டபத்தில் இருக்கும், பத்தாம் நாள் பெட்டகத்துக்குள் போகும். நிரந்தரக் காட்சி பொருளைத் தின்னும் என்பது என் கட்சி. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையொன்றில், தொட்டால் ஓரம் உதிரும் சுவடிகளைக் கையில் வைத்துப் பட்ட துயரத்தைச் சொல்லியிருப்பார். அந்தச் சுவடிகளில் பெரும்பகுதி கெட்டது பகைவரால் அல்ல, கட்டு அவிழ்க்காமலே வைத்திருந்த வீட்டுக்காரரால்.

நானும் அப்படி ஒன்றை இழந்தவன்தான். வானொலியிலிருந்து பதிந்த பாட்டும் பேச்சுமாக ஒரு றங்குப் பெட்டி நிறைய ஒலிநாடாக்கள் வைத்திருந்தேன். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிளில் அரிசிக்கும் உறுதிகளுக்கும்தான் இடமிருந்தது. அடுத்த ஆண்டு திரும்பியபோது முற்றத்து மாதுளையில் நாடா சுற்றிக்கிடந்தது, தேர்த் தோரணம் மாதிரி.

கசெற்றின் வரலாற்றில் விநோதமான சேமிப்பு அமெரிக்காவில் நடந்தது. 'ஈ.ரி.' என்ற படத்தை வைத்து 1982இல் அற்றாரி ஐந்தே வாரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து, மிதமிஞ்சி அச்சடித்து, விற்காமல் போய், 1983 செப்ரெம்பரில் லொறி லொறியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிக்கோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தது. பலர் இதைக் கட்டுக்கதை என்றனர். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். ஆயிரத்து முந்நூறு வரை வெளியே வந்தன. அவற்றில் ஒன்று இன்று வாஷிங்ரனில் ஸ்மித்சோனியன் நூதனசாலையின் சேகரத்தில் இருக்கிறது. பாலைவனத்துக் குப்பை முப்பது வருஷம் காத்துக் கொடுத்திருக்கிறது, என் கண்ணாடி அலுமாரி இரண்டு வருஷத்தில் கெடுத்தது.

2021 ஜூலையில் ஒரு செய்தி. உறை பிரிக்காத செல்டாக் கசெற் ஒன்று ஏலத்தில் எட்டு லட்சத்து எழுபதினாயிரம் டொலருக்குப் போனதாம். மருமகன் தொலைபேசியில் சிரித்தான். "எங்கட கசெற்றுக்கு இருபது டொலரும் வராது, மாமா. விளையாடின கசெற்." பிறகு கொஞ்சம் நின்று சொன்னான், "அதுக்குள்ளை ஒரு பற்றறி இருக்கு. அது எப்ப சாகுதோ, அண்டைக்கு அம்மம்மாட பேரும் போகும்."

எனக்கு அதுவரை தெரியாது. யப்பானில் 1986இல் வட்டாக வந்த செல்டா, அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கசெற்றாக வந்தபோது, விளையாட்டு நடுவில் நின்ற இடத்தை நினைவு வைக்க ஒரு லிதியம் பற்றறியைப் பலகையோடு ஒட்டிவைத்தார்கள். மெசினை நிற்பாட்டிய பிறகும் அது நினைவுச் சில்லுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக்கொண்டேயிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலும் தாக்குப்பிடித்தவை உண்டு, நேற்றோடு போனவையும் உண்டு. அதாவது, நாங்கள் இங்கே ஒரு பற்றறிக்கு ஆலாய்ப் பறந்த அதே ஆண்டுகளில், அங்கே ஐந்து சதமளவு பற்றறி ஒன்று என் அம்மாவின் பெயரைச் சுமக்கத் தொடங்கியிருந்தது.

மாற்றாவிட்டால் ஒருநாள் போகும். மாற்றும்போது மின்சாரம் கணப்பொழுது அறுந்தாலும் அப்போதே போகும். இரண்டு நவராத்திரி இதிலேயே கழிந்தது. கடைசியில் மருமகன் கசெற்றை வாசித்துக் கணினியில் பிரதி எடுக்கும் சிறு கருவி ஒன்றை வந்தவர் கையில் அனுப்பினான். ஊரில் ஃபோன் திருத்தும் தம்பி ஒருவர் வந்தார். நினைவுச் சில்லில் இருந்ததெல்லாம் சேர்ந்து எட்டு கிலோபைற். இந்தக் கட்டுரை அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

பிரதி எடுத்த பிறகும் நான் விடவில்லை, அசல் கசெற்றிலும் பெயர் இருக்க வேண்டும் என்றேன். சாதாரணச் சாவிக்குக் கழராத அந்தத் திருகாணிகளைத் தம்பி கழற்றினார். முதலில் புதுப் பற்றறியை வயரால் இணைத்து, இரண்டும் சேர்ந்து மின்சாரம் கொடுக்கும்போதே பழையதை ஈய ஒட்டிலிருந்து விடுவித்தார். நான் விறாந்தையில் போய் நின்றேன். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

"ஐயா, வந்து பாருங்கோ" என்றார். ரி.வி.யில் பட்டியல் நின்றது. மூன்றாவது வரி இருந்தது, கீழே பதினேழும் இருந்தது.

"ஆர் ஐயா, இந்த அம்மம்மா? நல்லா விளையாடுவாவோ?"

"இல்லை, தம்பி. என்ர அம்மா" என்றேன்.

இந்தக் கசெற்றை நிற்பாட்டவும் ஒரு முறை உண்டு. றீசெற் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டுதான் பவரை நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நினைவு கலையலாம். ஒரு விரலால் அமத்தி, மறு விரலால் நிற்பாட்டினேன். தம்பிக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.