கட்டடம் தெரியும் காடும் கட்டிய காடும்

விடிகாலையில் கிளம்பி இரவுக்குள் ஊர் திரும்பும் விலங்குப் படப்பிடிப்புக்கு ஆப்பிரிக்காவில் நைரோபி தேசியப் பூங்காவும் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க்கும் தோதான இடங்கள். 1946-இல் அமைந்த முதலாவது, நகர மையத்திலிருந்து ஏழே கிலோமீட்டர். பரப்பு 117 சதுர கிலோமீட்டர். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் எட்டும் பிலானஸ்பர்க், அதைப்போல நாலு மடங்குக்கு மேல்.

நைரோபியில் பின்னணிதான் தலைவலி. ஒட்டகச்சிவிங்கி தலை நிமிர்ந்தால் பின்னால் அடுக்குமாடி நிற்கும். பூங்காவுக்கு ஊடே தூண்கள்மேல் ரயில் பாலம் வேறு. கூரை திறக்கும் வேனில் நின்று எடுப்பதால், கீழே படுத்திருக்கும் சிங்கம் பூனையாகச் சுருங்கிவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் நெட்டுக்குத்தாக ஏறும். இளவெயில் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

பிலானஸ்பர்க்கில் ஜூன், ஜூலைக் குளிர்காலத்துச் சூரியன் சாய்வாக, நிதானமாக ஏறுகிறது. சொந்தக் காரில் போகலாம். ஜன்னல் விளிம்பில் பீன்பேக், அதன்மேல் லென்ஸ்; விலங்கின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடலாம். அலையப் பொறுமையில்லாதவர் மாங்க்வே அணைக்கரையின் மறைவுக் குடிலில் உட்காரலாம். பின்னணி முழுக்கப் பழைய எரிமலைக் குன்றுகள். ஆதிகாலக் காடு என்றே படம் சொல்லும்.

அங்கேதான் கேமரா பொய் சொல்கிறது. பண்ணை நிலத்துக்கு வேலி போட்டு, 1979 முதல் விலங்குகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இடம் அது. க்ரூகர் தேசியப் பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டபின் மிஞ்சிய குட்டிகளும் வந்தன. மூத்த ஆண்களின் அதட்டல் இல்லாமல் வளர்ந்த அந்தக் குட்டிகளுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது. 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றுபோட்டன. 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த ஆண்களைக் கொண்டுவந்த பிறகே அடங்கின.

செயற்கையாகத் தெரியும் நைரோபியிலோ மூன்று பக்கம்தான் வேலி. தெற்கே ஆற்றைத் தாண்டி, வரிக்குதிரைகள் சமவெளிக்குப் போய்வர வழி இருக்கிறது. வீடுகளும் வேலிகளும் பெருகி அந்த நடமாட்டம் குறைந்துபோனது வேறு கதை.

யானை வேண்டுமென்றால் பிலானஸ்பர்க்தான். நைரோபிப் பூங்காவில் காட்டுயானை கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரே ஒரு பகல் கிடைத்தால் நைரோபிக்குத்தான் போவேன். நகரத்தை வெட்டிவிட நினைக்காமல், கறுப்புக் காண்டாமிருகத்தையும் கட்டடங்களையும் சேர்த்தெடுக்க ஒரு வைட் லென்ஸும் பையில் இருக்கும்.